முதலைக்கு ஒரு பாஸ்போர்ட் படம்

என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் படம் எடுப்பவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டுடியோ; உள்ளே ஒரு ஸ்டூல், நீலத் திரை, பல் போன சீப்பு. யார் வந்து உட்கார்ந்தாலும் தாடையைத் தூக்கச் சொல்வார். பிறகு கணினியில் பரு, மச்சம், தழும்பு எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். தன் படத்தைப் பார்த்து "யாரு இது?" என்று கேட்காமல் போன வாடிக்கையாளர் குறைவு.

ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்குத் தெற்கே இருக்கும் சதுப்புக் காட்டுக்குப் படகில் படம் எடுக்கப் போவோம். அங்கேயும் அதே புத்திதான். கொக்கு நேரே திரும்பி இரண்டு கண்ணையும் காட்டும்வரை காத்திருப்பார். கொக்குக்கு வேறு வேலை இல்லையா? துடுப்புப் போடுவது நான். கொசுக்கடி இருவருக்கும் பொது.

காட்டு வாசலில் ஒரு கூடம், சுவர் முழுக்கப் படங்கள். அதில் தன் படம் ஒன்று தொங்கவேண்டும் என்பது இவருடைய தீராத ஆசை. வனக் காவலர் ஒவ்வொரு முறையும் படத்தைத் திருப்பித் தந்துவிடுவார்.

"எல்லாப் பறவையும் வேலைக்கு மனு போட்ட மாதிரியே இருக்கு சார்."

போன வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்த கிழட்டு முதலையைக் காணவில்லை. செத்துவிட்டது என்று பேச்சு.

"உயிரோட இருக்குன்னு படம் கொண்டு வாங்க, நடுச்சுவர்லயே மாட்டறேன்," என்றார் காவலர். "மூக்கு மேல பெரிய தழும்பு இருக்கும். அதான் அடையாளம்."

அடுத்த ஞாயிறே கோரைப் புதருக்குள் முதலை அகப்பட்டது. படகு முனையில் குப்புறப் படுத்தபடி இவர், "தாடையைக் கொஞ்சம் தூக்கு" என்று முதலையிடம் கிசுகிசுத்ததை என் காதால் கேட்டேன். அதுவும் தூக்கித் தொலைத்தது.

மறுநாள் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனோம். காவலர் உற்றுப் பார்த்தார்.

"தழும்பு எங்க சார்?"

கைப்பழக்கம். மூக்கைக் குழந்தைக் கன்னம்போல் வழவழவென்று ஆக்கிவைத்திருந்தார். பல்லுக்கு வெள்ளை வேறு. அசல் படம் கேமராவில் இல்லை, அழித்தாகிவிட்டது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது.

என் போனை எடுத்து நீட்டினேன். தங்கச்சிக்கு அனுப்பிச் சிரிக்கலாம் என்று படகின் பின்னாலிருந்து நான் எடுத்த படம். முன்னால் இவருடைய பின்புறமும் வழுக்கையும். அதற்கு அப்பால் முதலை, தழும்போடு.

"இதேதான்க்கா," என்றார் காவலர்.

இப்போது நடுச்சுவரில் அதுதான் தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முதலையை இல்லை. இவரும் வாராவாரம் அதன் முன்னால் போய் நிற்கிறார். சென்ற வாரம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அந்த வழுக்கைய மட்டும் கொஞ்சம்..."

"கை வைக்காதீங்க," என்றேன். "முதலையும் நானும் பாத்த ஆளு அதுதான்."