வியாகுலத்தின் நடை

வியாகுலம் சாராயத்தைத் தொட்டதே இல்லை. உவரிக்குத் தெற்கே உள்ள அந்தக் கடற்கரை ஊரில் வள்ளம் ஓட்டுகிறவர்களில் அப்படிச் சொல்லக்கூடிய ஆட்கள் குறைவு. அவருடைய அப்பா குடிகாரர் என்று பெயரெடுத்தவர். தள்ளாடி நடந்து, பேச்சுக் குழறி, ஒருநாள் கரையோரத்து முழங்கால் தண்ணீரில் விழுந்து எழாமலே செத்தார். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி ஏற்றும்போது வியாகுலம் மட்டும் அப்பாவின் கல்லறைப் பக்கம் போகமாட்டார்.

நாற்பதைத் தாண்டியபோது அவருக்கும் கால் பிசகத் தொடங்கியது. வள்ளத்திலிருந்து அலைக்குள் குதிக்கையில் நிலை தப்பியது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவிழாவில் சப்பரம் தூக்கியபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தெருத் திருப்பத்தில் அவர் கால் பின்னிக்கொள்ள, மேலே இருந்த புனிதரின் சுரூபம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"ஏலே, வாயை ஊதுலே," என்றார் திருவிழாக் கமிட்டித் தலைவர் மெர்வின்.

ஊதினார். வாடை இல்லை.

"அப்பன் புத்தி எங்க போவும்? மாத்திரை கீத்திரை போட்டிருப்பான்."

பெண்கள் வரிசையில் நின்ற மனைவி கிரேஸியின் காதில் அது விழுந்தது. அடுத்த வாரமே அவரைப் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மகன் ரெக்சனும் உடன் போனான். டாக்டர் அனிஷா அவரை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூக்கைத் தொட்ட விரலால் தன் விரலைத் தொடச் சொன்னார். தப்பித் தப்பிப் போனது. ஸ்கேன் எடுத்து, இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். "சிறுமூளை சுருங்கிட்டே வருது. ஆடாம நிக்கதுக்கும் நடக்கதுக்கும் அதுதான் வேணும். இது பரம்பரையா வர்ற நோய்."

வியாகுலம், "அப்போ எங்கப்பா குடிச்சு ஆடலையா?" என்றார்.

"குடிச்சாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர் தள்ளாடினது இதனாலதான் இருக்கும்."

வியாகுலம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கிரேஸி அழவில்லை. "பரம்பரைன்னா இவனுக்கு?" என்று மகனைக் காட்டிக் கேட்டாள்.

"வரலாம், வராமலும் போகலாம். ரெண்டுக்கும் சரிபாதி. இரத்தம் எடுத்தா தெரிஞ்சிரும்."

ரெக்சன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்த வருடம் வியாகுலம் அப்பாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார். மண்டியிட்டவரால் எழ முடியவில்லை. கிரேஸிதான் தூக்கிவிட்டாள்.

இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. புதிய மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். "சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது," என்றும் சொன்னார். மகனுக்காவது உதவட்டும் என்று வியாகுலம் சேர்ந்தார். பஸ்ஸில் போய்வந்தார். குடித்திருக்கிறார் என்று கண்டக்டர்கள் ஏற்ற மறுத்தால் கிரேஸி ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுவாள். ஒவ்வொரு முறையும் அவர் நடையை அளந்தார்கள். நடை போன பிறகு பேச்சை அளந்தார்கள்.

ஆய்வு முடிந்ததும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். "நீங்க சாப்பிட்டது மருந்துதான். ஆனா அது யாருக்கும் வேலை செய்யல."

வியாகுலம் குழறலாக ஏதோ சொன்னார். கிரேஸிதான் விளங்கவைத்தாள்: "வேற என்ன எடுக்கணும்னாலும் எடுத்துக்கிடச் சொல்லுதாவ."

டாக்டர் தயங்கினார். இறந்த பிறகு மூளையைக் கொடுத்தால் ஆராய்ச்சிக்கு உதவும் என்றார்.

திரும்பும் வழியில் கிரேஸி, "ஆண்டவர் தந்த உடம்பு. முழுசா மண்ணுக்குப் போவட்டும்," என்றாள்.

"இப்பவே முழுசா இல்லையே. தினம் சுருங்குதுல்லா," என்றார் அவர்.



பிறகு வியாகுலத்துக்குக் கஞ்சி புரையேறி, நுரையீரலில் சளி கட்டி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலேயே உயிர் போனது. ரெக்சன் அப்போது ஓமனில் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். உடலை எடுத்துப்போக ஊர்க்காரர்கள் வண்டியோடு வந்து நின்றார்கள்.

"மண்டையைப் பிளக்கவா விடப்போற? ஊரு என்ன சொல்லும்?" என்றார் மெர்வின்.

"ஊரு வாயை ஊதத்தான் சொல்லிச்சு. உள்ள என்ன இருந்துச்சுன்னு இவங்களாவது பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு கிரேஸி கையெழுத்துப் போட்டாள். தலையில் வெள்ளைத்துணி சுற்றி உடலைத் தந்தார்கள். அன்றே அடக்கம் நடந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு ரெக்சன் வந்தான். டாக்டர் போனில் கூப்பிட்டு, விருப்பமிருந்தால் இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். "தெரிஞ்சு என்ன செய்ய? மருந்தா வச்சிருக்கீங்க?" என்றான். கல்யாணப் பேச்சை எடுத்தாலும் எழுந்து போய்விடுவான். கிரேஸி இப்போது எதையும் கேட்பதில்லை. அவன் விடுப்பில் வந்து கடற்கரைக்கு இறங்கும்போது வாசலில் நின்று அவன் கால்களையே பார்ப்பாள். மணலில் யார் நடந்தாலும் கால் புதைந்து உடம்பு கொஞ்சம் சாயத்தான் செய்யும். அதை வைத்து அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.