புவித்தொடர்புடன் இயக்கவும்

சகாயம்மாளுக்கு முகத்தில் அருவருப்பை மறைக்கத் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கிரைண்டர் செய்யும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பெயர் அதுதான். மற்றபடி கெட்டிக்காரி. கிரைண்டர் விற்ற வீடுகளுக்குப் போய், உளுந்து எவ்வளவு போடுவது, தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று செய்து காட்டிவிட்டு வருவாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை 'டெமோ அக்கா' என்றால்தான் அவளைத் தெரியும்.

எண்பத்தொன்பதில் மேனேஜர் ஜானகிராமனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஆளை அனுப்புவானேன், தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போகிறது. யாரோ ஒரு இன்ஜினியர் எழுத, யாரோ ஒரு பண்டிதர் திருத்தினார். அது பெண்களுக்குப் புரிகிறதா என்று அச்சுக்குப் போகும் முன் வீடு வீடாகக் கேட்டு வரும்படி சகாயம்மாளையே அனுப்பினார்கள். தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போடுகிற வேலை. அதையும் செய்யப் போனாள்.

புத்தகத்தைப் புரட்டியதும் வாய் கசந்தது. 'மின்பொறியின் சுழல்தண்டு', 'உராய்வு நீக்கும் நெய்மம்'. மாவு என்ற சொல்லே மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. இட்லிக்கு மாவரைக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

அதைவிடக் குமட்டியது கிடைத்த பதில். ஐயப்பன்தாங்கலிலும் கோவில்பதாகையிலும் கேட்ட வீடுகளிலெல்லாம் நன்றாகப் புரிகிறது என்றே சொன்னார்கள். புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? வந்தவள் மனசு நோகக்கூடாது என்று பாதி, நம்மைப் படிக்காதவள் என்று நினைத்துவிடுவாளோ என்று மீதி. தலையாட்டலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கேள்வி கேட்பதையே விட்டாள். படித்தபடி செய்து காட்டுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

பூந்தமல்லியில் தையல்காரர் மனைவி லத்தீஃபா. அன்றுதான் கிரைண்டர் வந்து இறங்கியிருந்தது. புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தாள். ஆறாம் பக்கத்தில், 'பொறியைப் புவித்தொடர்புடன் மட்டுமே இயக்கவும்' என்றிருந்தது. வாசித்த கையோடு, பலகை மேலிருந்த கிரைண்டரை மூச்சைப் பிடித்து இறக்கி, அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் வைத்தாள். அந்த வீட்டு பிளக்கில் எர்த்தே கிடையாது. ஈரத்தில் வெறுங்காலோடு நின்றபடி ஸ்விட்சுக்கு நீட்டிய கையைச் சகாயம்மாள் பாய்ந்து பிடித்தாள்.

"இன்னாக்கா? பூமியத் தொட்டுகினு இருக்கணும்னு தானே போட்டுகீது?"

புவித்தொடர்புக்குப் பதில் எர்த் என்று ஒரு சொல் போட்டிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயர் இழுக்கச் சொல்லியிருப்பாள். எர்த் என்றால் தெரியாத வீடு ஏது? ஷாக் அடிக்காமல் இருக்க எழுதின வரி, கிரைண்டரைக் கொண்டுபோய் ஈரத்தில் வைக்கச் சொல்கிறது.

மறுநாள் ஜானகிராமனிடம் போய், அந்த வரியை மாற்றாமல் புத்தகம் வெளியே போகக்கூடாது என்றாள். அவர் டீயை ஆற்றியபடி கேட்டுக்கொண்டார். டெமோ வேலை போய்விடுமே என்றுதான் அவள் நொட்டை சொல்கிறாள் என்பது அவர் நினைப்பு. அதை வாய்விட்டும் சொன்னார். அவளுக்கு முகம் கோணியது, ஆனாலும் விடவில்லை. ஒரு படமாவது போடுங்கள் என்று மன்றாடினாள். கடைசியில் அவர் உள்ளதைச் சொன்னார்.

"இது பொம்பளைங்க படிக்கிறதுக்கு இல்லம்மா. நாளைக்கு எவனாவது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா, நாங்க சொல்லித்தான் வித்தோம்னு காட்டுறதுக்கு."

மலத்தை மிதித்தது போல அங்கிருந்து வெளியே வந்தாள். சோதித்துப் பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேறு யாரோ போட்டார்கள். அவள் ஆவடியில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கப் போய்விட்டாள். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னாள். தெரியாத வீடுகளுக்கு யார் போய்ச் சொல்வது?

அடுத்த மழைக்காலத்தில் ஜெயகுமாரி செத்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்து, சகாயம்மாள் போகிற மாதா கோயிலில் சேர்ந்த பெண். அந்த வீட்டில் கிரைண்டர் இருப்பதே சகாயம்மாளுக்குத் தெரியாது. மாவைத் தள்ளிவிடக் கை வைத்தபோது ஷாக் அடித்து, அப்படியே சாய்ந்துவிட்டாள்.

சகாயம்மாள் துக்கத்துக்குப் போனபோது ஜானகிராமன் அங்கே இருந்தார். கையில் மாலை, கக்கத்தில் புத்தகம். மாலையைப் போட்டுவிட்டு, புருஷன் அருள்தாஸை ஓரமாக அழைத்து ஆறாம் பக்கத்தைப் பிரித்தார். இதைப் படிக்காமல் விட்டதால் வந்த வினை தம்பி, என்றார் தணிந்த குரலில்.

அருள்தாஸ் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்குப் படிக்க வராது சார். நான்தான் படிச்சிக் காமிச்சேன். பலகையிலேர்ந்து கீழ எறக்கி வெச்சதும் நான்தான்." பிறகு சகாயம்மாள் பக்கம் திரும்பினான். "நீ அங்க வேலை பாத்தவதானேக்கா. சரியாத்தானே வெச்சேன்?"

"போட்டிருந்தபடிதான் வெச்சே" என்றாள் அவள், வீடு முழுக்கக் கேட்கும்படி.

ஜானகிராமன் வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.