மலிவுத் துவக்கும் மலையளவு சந்தேகமும்

துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்கிற தொழிலில் வாங்க வருகிறவர் துவக்கை நம்ப மாட்டார், நாங்கள் வாங்க வருகிறவரை நம்ப மாட்டோம், பொலிஸ் எங்கள் இரண்டு பேரையும் நம்பாது.

நான் வேலை செய்வது சட்டனுக்கு அப்பால், லண்டன் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் ஒரு வேட்டைச் சாமான் கடையில். முதலாளி பெயர் கீத். பழுது பார்ப்பதும் அவர்தான். நான் கவுண்டரில் நிற்பேன். இந்த நாட்டில் ரைபிள் வாங்குவதென்றால் பொலிஸ் வீடு தேடி வந்து விசாரித்து, உங்கள் டொக்டரிடம் கேட்டு, துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கும். அவ்வளவும் தாண்டி வந்தவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்கிற முதல் கேள்வி, "இந்த விலை குறைஞ்சதை நம்பலாமா?" என்பதுதான். டிவி, டயர், மெத்தை என்று எதை விற்றுப் பிழைக்கிறவர்களும் இந்தக் கேள்வியிடம் அடிபட்டிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வசதி, மெத்தை வெடிக்காது.

கலியாண வீட்டு விசாரணை

என் மனைவி சொந்தக்காரரிடம் நான் 'ஸ்போர்ட்ஸ் கடையில்' வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். நானும் மறுக்கவில்லை. யாராவது பிள்ளைக்குச் சப்பாத்து கேட்டால் மட்டும் எங்கள் கடையில் அந்த சைஸ் இல்லை என்பேன். நோர்பரியில் ஒரு கலியாண வீட்டில் அது உடைந்தது. மனைவியின் மாமா எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"துவக்குக்குப் பயந்துதானே எல்லாரும் இஞ்ச ஓடி வந்தனாங்கள்? நீர் இப்ப அதை வித்துச் சாப்பிடுறீரோ?" என்றார். மானுக்கும் நரிக்கும் விற்கிறோம், பொலிஸ் அனுமதி இல்லாமல் ஒன்றையும் தொட ஏலாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் இளகவில்லை. பாயசம் வந்தபோதுதான் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார்: "அது கிடக்கட்டும், அந்த மலிவான சாமான் வடிவா வேலை செய்யுமோ?"

மேலதிகாரிகளோடு ஒரு சனிக்கிழமை

கார்த்திக் சென்னைக்காரர். நகரத்தில் ஒரு வங்கியில் வேலை. அவருடைய மேலதிகாரிகள் வருடத்தில் ஒன்றிரண்டு தரம் சசெக்ஸ் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறவர்கள். அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அழைப்புக்குப் பின்னால் ஒரு பதவி உயர்வு நிற்கிறது என்று அவருக்குப் பட்டது. நான் விலை குறைந்த ரைபிளைக் காட்டினேன். குழல் நல்லது, தோளில் வைக்கிற கட்டை மட்டும் பிளாஸ்டிக், தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டை இழுக்கும்போது கொஞ்சம் கரகரக்கும், எப்போதாவது போகிறவருக்கு இது போதும் என்றேன். அவர் ரைபிளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஏன் சார் இதையே காட்டுறீங்க? என்னால வாங்க முடியாதுன்னு நினைச்சீங்களா?"

விலை கூடியதைக் காட்டியிருந்தால் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றிருப்பார். கடைசியில் மலிவானதையே வாங்கினார். கீத் அவரைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய் மேலே பூட்டுகிற குறிபார்க்கும் ஸ்கோப்பைக் குறிக்குச் சரிசெய்து கொடுத்தார். குண்டெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. கார்த்திக் முகத்தில் முதல் தரம் சிரிப்பைக் கண்டேன்.

வேட்டை முடிந்து திங்கட்கிழமை ரைபிளோடு வந்தார். எல்லாரும் பார்த்திருக்க நிதானமாய்க் குறி வைத்துச் சுட்டாராம். குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிப்போனதாம். "டைரக்டர் சிரிச்சார் சார். என் தோள்ல தட்டிட்டுச் சிரிச்சார்," என்றார். கீத் ஸ்கோப்பை விரலால் தொட்டார், அது ஆடியது. யாரோ கழற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள் என்றார். கார்த்திக் ஆடிய ஸ்கோப்பைப் பார்த்தபடி சொன்னார்: "பையில வைக்க நான்தான் கழட்டினேன். மலிவு ரைபிளாச்சே, ஸ்க்ரூவை அழுத்தி முறுக்கினா உடைஞ்சிடுமோன்னு பயந்து லேசா விட்டுட்டேன்."

நரிக்குத் தெரிந்த சத்தம்

கோழி வளர்க்கிற மார்கரெட் அம்மாவிடம் இருப்பது எங்கள் கடையிலேயே மிக மலிவான ரைபிள். குளிர்காலம் ஒன்றில் வந்து, விசையை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது, வெடிக்கவில்லை என்றார். நரி அந்தச் சத்தத்துக்குப் பழகி இப்போது திரும்பியும் பார்ப்பதில்லையாம். அன்று காலை மட்டும் கூட்டிலிருந்த கோழிகளில் அரைவாசியை நரி கொண்டுபோயிருந்தது. அவர் அதைச் சொல்லும்போது கவுண்டரில் சாய்ந்துகொண்டார். ஆனால் கீத் புது ரைபிள் இருந்த பக்கம் தற்செயலாகத் திரும்பியதும் உடனே நிமிர்ந்து, "அதெல்லாம் என்னிடம் பலிக்காது," என்றார்.

கீத் போல்ட்டைக் கழற்றினார். உள்ளே தேன் மாதிரி எண்ணெய் உறைந்து கிடந்தது. மலிவுச் சாமானுக்குக் கூடுதல் கவனம் வேண்டுமென்று நினைத்து மார்கரெட் அம்மா கிழமைக்கொரு தரம் உள்ளே எண்ணெய் ஊற்றியிருக்கிறார். குளிரில் அது இறுகி, தோட்டாவின் பின்பக்கத்தை அடிக்க வேண்டிய ஊசி மெதுவாய்ப் போய் முட்டிவிட்டு நின்றிருக்கிறது. கழுவித் துடைத்துப் பூட்டியதும் ஊசி பளிச்சென்று அடித்தது. காசு வேண்டாம் என்றார் கீத். மார்கரெட் அம்மா ரைபிளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். "சும்மா திருத்தித் தருகிறீர்கள் என்றால், உள்ளேயிருந்து எதையோ கழற்றி எடுத்துவிட்டீர்கள்."

சிவா அண்ணையின் விரல்

இதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல ஏலாது. சிவா அண்ணை லண்டனின் மற்றப் பக்கத்தில், செவன் கிங்ஸில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்திலேயே வேறு துவக்குக் கடைகள் உண்டு. தமிழில் கதைக்க ஆள் இருக்கிறதென்று லண்டனைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். துவக்கைப் பெட்டியோடு கவுண்டரில் வைத்துவிட்டு, "தம்பி, இது தானா வெடிச்சது," என்றார். பழகின ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கிய மலிவு ரைபிள் அது. கென்ட் பக்கம் ஒரு வயலில், மானைக் கண்டு, வெடிக்காமல் தடுக்கிற சேஃப்டியைச் சுடுவதற்காக முன்னால் தள்ளியதும் வெடித்து, கூட நின்ற நண்பரின் காலடியில் மண் பறந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அந்த மனிசனுக்குக் கால் இல்லை.

"நான் விசையில விரல் வைக்கேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லியும் ஒருத்தரும் நம்புறாங்களில்லை. இனி வேட்டைக்கு வராதை எண்டிட்டாங்கள். மனிசியும், வயசு போனால் கை நடுங்கும்தானே எண்டு சொல்லுறா." பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், நானும் நம்பவில்லை. துவக்கு தானாய் வெடித்தது என்று சொல்லாதவர் இந்தத் தொழிலில் குறைவு. மருந்து இல்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டு கீத் போல்ட்டை ஓங்கி அடித்து மூடினார், கட்டையை ரப்பர் விரிப்பில் குத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியை மூடப் போனார். சிவா அண்ணை பெட்டிக்குள் கையை வைத்து மறித்தார். "ஐயா, பத்தைக்குள்ளால வரேக்கை ஒரு மரக்கொப்பு விசையிலை கொழுவி இழுத்தது. சேஃப்டி போட்டுத்தான் இருந்தது. அதுக்குப் பிறகுதான் இது நடந்தது."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கீத்தின் முகம் மாறியது. சேஃப்டியைப் போட்டபடியே விசையை ஒரு தரம் இழுத்து விட்டார். ஒன்றுமில்லை. பிறகு விசையில் விரலே படாமல் சேஃப்டியை மட்டும் முன்னால் தள்ளினார். 'டிக்.' திறந்து பார்த்தபோது விசையின் திருகாணியில் தொழிற்சாலை வைத்த மெழுகு உடைந்திருந்தது. விசை இலகுவாக இழுபடட்டும் என்று யாரோ திருகியிருக்கிறார்கள். விற்றவருக்கு போன் எடுத்தோம். மலிவுத் துவக்கின் விசை எப்படியும் சரியாக இராது என்று நினைத்து, வீடியோ பார்த்துத் தானே திருத்தியதாக ஒத்துக்கொண்டார். திருகாமல் விட்டிருந்தால் அது ஒழுங்காகவே இருந்திருக்கும் என்றார் கீத். ரைபிளை இப்படியே திருப்பித் தர முடியாது, விசை முழுதும் மாற்ற வேண்டும் என்று நான் அண்ணைக்குச் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து தன் வலக்கை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. "துவக்கை நீங்களே வச்சிருங்கோ தம்பி. அவங்களுக்கு ஒருக்காப் போனெடுத்து, என்ர கையில பிழையில்லை எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ."

கீத் அன்று பின்னேரமே அந்த நண்பருக்கு போன் எடுத்துப் பேசினார். சிவா அண்ணை இப்போது திரும்பவும் வேட்டைக்குப் போகிறார். அதே ரைபிள்தான், விசை மட்டும் புதிது.

ஸ்கொட்லாந்துக்குப் போவது எது?

மலிவு ரைபிளில் குறையே இல்லையென்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். தோட்டா போடுகிற பிளாஸ்டிக் மகசின் வாய்ப்பக்கம் விரிசல் விட்டு, எங்கள் கையாலேயே தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கூடவே சும்மா தருகிற ஸ்கோப் மழையில் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கிப்போகும். அதனால் கீத்தையே எனக்குச் சந்தேகம். வாடிக்கையாளரிடம் 'தாராளமாய் நம்பலாம்' என்கிறவர், தன் வீட்டில் வால்நட் கட்டையும் செதுக்கு வேலையுமாக ஒரு விலையுயர்ந்த ரைபிளைக் குழந்தை மாதிரி துடைத்து வைத்திருக்கிறார்.

போன இலையுதிர்காலம் அவர் ஸ்கொட்லாந்துக்கு வேட்டைக்குப் புறப்பட்டபோது சாமான் ஏற்ற உதவினேன். காருக்குள் ஏறியது கார்த்திக்குக்கு விற்ற அதே மலிவு மொடல். மழையிலும் கல்லிலும் இழுபட்டாலும் மனம் நோகாது, குறி வைத்த இடத்தில் படும் என்றார். அப்படியானால் இதைக் கவுண்டரில் எழுதித் தொங்கவிடட்டுமா என்று கேட்டேன். காரின் பின்கதவை அவசரமாக மூடினார். "வேண்டாம், முதலாளியே மலிவானதைத்தான் வைத்திருக்கிறான் என்றால் நல்லதை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்பார்கள்."

ஆக, எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கு மலிவு ரைபிள் தாராளமாகப் போதும். அதை அவர் நம்பும்படி சொல்லக்கூடிய விற்பனையாளரைத்தான் இன்னும் எந்தத் தொழிற்சாலையும் செய்யத் தொடங்கவில்லை.