பாம்பன் மணலில் ஓர் ஊற்று

என்னிடம் உள்ள கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றின் பின்புறத்தில் என் கையெழுத்தில், ‘பாம்பன், மே 1972, சனிக்கிழமை’ என்று இருக்கிறது. தேதி எழுதிய இடத்தில் தண்ணீர் பட்டு மை கலைந்துவிட்டது. ஆகவே அந்த மாதத்தில் எந்தச் சனிக்கிழமை என்று சொல்ல முடியவில்லை. கிழமையில் சந்தேகமில்லை. படத்தில் அப்பா உடம்பெல்லாம் எண்ணெயோடு இருக்கிறார். சனிக்கிழமை தவிர வேறு நாளில் அவர் எண்ணெய் தேய்த்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளி. அப்பா காய்கறி வியாபாரம் செய்தார். நான் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். அந்த ஆண்டு தை மாதத்தில் அக்காவுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை பொம்மிடிக்காரர், ரயில்வேயில் வேலை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று அம்மா சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவரைப் பாம்பனுக்கு மாற்றிவிட்டார்கள். மாமா மட்டும் முன்னால் போனார். அக்கா எங்களோடு இருந்தாள்.

கடலுக்கு நடுவே இருக்கும் ஊர், ஏழெட்டு வருடத்துக்கு முன் புயல் வந்து பக்கத்து ஊரையே கொண்டுபோன இடம் என்று பார்த்தவர்களெல்லாம் அவளிடம் சொன்னார்கள். போகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கோடையில் எல்லோரும் போய்க் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வருவது. அக்காவுக்குப் பிடித்தால் அங்கே இருக்கட்டும், இல்லாவிட்டால் எங்களோடு திரும்பட்டும், யாரும் வற்புறுத்தக் கூடாது. மாமா இதற்கு ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். அவள் திரும்பிவிட்டால் மாற்றலுக்கு எழுதிப் போடுவதாகவும், அது எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்றும் அதில் சொல்லியிருந்தார்.

சேலத்திலும் திருச்சியிலும் வண்டி மாறினோம். கடல் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா மூடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாமா லீவு போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தார். கப்பல் போவதற்காகப் பாலத்தை ஆட்கள் கையால் திறப்பதைக் காட்டினார். தெரிந்த மீனவர் ஒருவரிடம் சின்னப் படகை இரவல் வாங்கி எங்களை ஏற்றிப் போனார். காலையில் ஒரு கரையில் சூரியன் எழுவதையும், மாலையில் இன்னொரு கரையில் அது இறங்குவதையும் பார்க்கவைத்தார். நுங்கு வெட்டிக் கொடுத்தார். அக்கா சங்கு பொறுக்கினாள், அலையில் கால் நனைத்தாள், படகில் பயமில்லாமல் உட்கார்ந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். ஆனால் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைக் காலி செய்யவில்லை. மேலாக இருக்கும் புடவையை எடுப்பாள், உடனே மூடிவிடுவாள். மாமா அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார்.

கடல் அவளைப் பயமுறுத்தவில்லை. தண்ணீர்தான் அவளுக்குச் சரிப்படவில்லை. மாமாவின் குடியிருப்பில் இருந்த கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிப்பதற்கு மட்டும் காலையில் ஓர் அம்மாள் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். அது சமையலுக்குக் காணாது. முதல் நாள் கிணற்றுத் தண்ணீரில் போட்ட டீ திரிந்துபோனது. பருப்பு வேகவில்லை. அம்மா ஊரிலிருந்து ராகி மாவு கொண்டுவந்து களி கிண்டினாள். அப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு மோர் கேட்டார், பிறகு இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். பகலெல்லாம் மாமா கரையில் சம்பாதித்ததை இரவுச் சாப்பாடு எடுத்துக்கொண்டது. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது அக்கா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

“நல்ல தண்ணி இல்லாத வூட்ல என்னத்தம்மா ஆக்கி, என்னத்த போடறது?”

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள். குடியிருப்பிலிருந்து வெகுதூரம் நடந்து, ஆளில்லாத ஒரு கரைக்குப் போயிருந்தோம். மாமா நிழலுக்காகக் கையோடு கொண்டுவந்திருந்த இரவல் படகின் துடுப்பை மணலில் நட்டு, அதில் அம்மாவின் பழைய புடவையைக் கட்டி நிழல் செய்தார். அப்பா பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒகேனக்கல்தான் குளியலுக்கு இலக்கணம். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கடியில் நின்றால், விழுகிற வேகத்திலேயே எண்ணெய் போய்விடும். அருவி செய்வதை அலை செய்யாதா என்பது அப்பாவின் கணக்கு.

அலை செய்யவில்லை. முட்டியளவுத் தண்ணீரில் உட்கார்ந்தவரை ஓர் அலை புரட்டிக் கரையில் போட்டது. எண்ணெய் மேல் மணல் ஒட்டியது. அம்மா கொடுத்த சீயக்காய்த் தூளைத் தேய்த்துக்கொண்டு மறுபடி இறங்கினார். தூளும் உப்பும் மணலும் சேர்ந்து சேறாகி, கண்ணில் வழிந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் கைகளை நீட்டியபடி கரையேறினார்.

“மாப்ள, இது என்னங்க ஊரு? வந்தவன மசாலா தடவி வறுக்கப் பாக்குது,” என்றார்.

மாமாவுக்குச் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. கூஜாவில் இருந்த குடிதண்ணீர் அவர் கண்ணைக் கழுவுவதற்கே தீர்ந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் அக்கா எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிழலுக்குப் பக்கத்தில் அடம்பங்கொடி படர்ந்திருந்த இடத்தில் மண்டியிட்டு, ஒரு கொட்டாங்குச்சியால் மணலை வாரத் தொடங்கினாள்.

எங்கள் சின்னாறு கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும். அதில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புவது பெண்களின் அன்றாட வேலை. அக்கா கல்யாணம் வரைக்கும் செய்த வேலை. ஆனால் இது கடற்கரை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கடல் இருக்கும்போது உள்ளே வேறென்ன வரும் என்று நான் கேட்டேன்.

“படிச்சவன் சித்த சும்மா இரு,” என்றாள்.

முழங்கை ஆழத்தில் மணல் நனைந்தது. பிறகு கசிந்தது. கலங்கலை இரண்டு மூன்று முறை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தாள். தெளிந்ததை அள்ளிக் குடித்தாள். மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு முறை அள்ளி அவரிடம் நீட்டினாள்.

“நம்மூரு தண்ணி மாதிரியேதாங்க இருக்கு. குடிச்சிப் பாருங்க.”

நானும் குடித்தேன். உப்பில்லை. குளிர்ந்திருந்தது. அப்பாவை உட்காரவைத்து அதே தண்ணீரைக் கூஜாவில் மொண்டு மொண்டு ஊற்றினோம். எண்ணெய் முழுதாகப் போகுமுன் இரவல் கேமராவில் நான் எடுத்த படம்தான் என்னிடம் இருப்பது. திரும்பும்போது அக்கா கூஜாவை நிரப்பிக்கொண்டாள். இரவு களி கிண்டியது அவள். அப்பா மோர் கேட்கவில்லை. குடியிருப்புக்கு அருகிலேயே இப்படி ஊறும் இடங்கள் இருக்கும் என்றும், விசாரித்து விடியற்காலையில் தானே குடம் தூக்குவதாகவும் மாமா சொன்னார். தூக்கவும் செய்தார்.

மறுநாள் அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த மாவை உள்ளே வைக்கப் போனபோது அக்கா தடுத்தாள்.

“மாவ வெச்சிட்டுப் போம்மா.”

அம்மா மாவுப் பையின் வாயை மறுபடி இறுகக் கட்டினாள். பிறகு அதை அடுப்படி மாடத்தில் வைத்தாள். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது பார்த்தேன்; டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது, புடவைகள் கொடியில் இருந்தன. பாலத்தைக் கடக்கும்போது இந்த முறை கண்ணை மூடிக்கொண்டவர் அப்பா.

ஒன்றைப் பற்றி மட்டும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அங்கே நல்ல தண்ணீர் ஊறும் என்று அந்த மீனவர் சொல்லியிருந்ததால், அக்கா கண்ணில் படட்டும் என்றே துடுப்பை அந்த இடத்தில் நட்டதாக மாமா சொல்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நிழலுக்கு நட்டார், கொடியின் பசுமையைப் பார்த்து இடம் குறித்தது தான்தான் என்று அக்கா சொல்கிறாள். படத்தில் அப்பாவும் அம்மாவும் துடுப்பும் அதன் பக்கத்திலேயே குனிந்திருக்கும் அக்காவின் முதுகும் இருக்கின்றன. ஆனால் வெயில் நகர நகரத் துடுப்பையும் ஒருமுறை பிடுங்கி மாற்றி நட்டோம். அது படத்துக்கு முன்னா, பின்னா என்பது எனக்கு நினைவில்லை. எனவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.