குளியலறைக்கு வந்த ஜப்பான் பாட்டு

டார்ம்ஸ்டாட்டில் எங்கள் குளியலறையில் தினமும் மதியம் மூன்று மணிக்கு ஒரு ஆண் குரல் பாடும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். இந்த ஊரில் ஒன்றிலிருந்து மூன்று வரை ரூஹெட்சைட், அதாவது அமைதி நேரம். ஆணி அடிக்கக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது, பாட்டு வைக்கக் கூடாது. கீழ்வீட்டுப் பாட்டியம்மா இதற்கென்றே காதைத் தீட்டி வைத்திருப்பார். மூன்று ஆனதும் பக்கத்து வீட்டில் பாட்டு ஆரம்பிக்கும். இரண்டு குளியலறைக்கும் காற்றுக்குழாய் ஒன்றுதான் என்பதால், அந்தக் குரல் எங்கள் பக்கத்துச் சல்லடை வழியாக இறங்கி, துவைத்துக் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று உருகும். பாஷை புரியவில்லை. அழுகிறாரா, கொஞ்சுகிறாரா என்றும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்கிறார் என்று தோன்றியது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேட்பேன். வெளியே பனி, உள்ளே சோப்பு வாசனை, எங்கேயோ ஒருவருக்குத் தாங்க முடியாத காதல். எனக்கு நேரம் போவதே தெரியாது.

இந்த நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கணவர் முரளி இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லெக்சரர். சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருஷத்துக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். ஜூனில் கல்லூரி திறக்கும்போது போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். "ஜூன்ல என்ன பண்றது?" என்று நான் கேட்கும்போதெல்லாம் முரளி ஒரே பதில்தான் சொல்வார். "உன் இஷ்டம், ஜெயா." நல்ல மனுஷர்தான். கோபமாகவும் சொல்லமாட்டார், வருத்தமாகவும் சொல்லமாட்டார், தயிர் வேண்டுமா மோர் வேண்டுமா என்று கேட்டவளுக்குச் சொல்கிற மாதிரி சொல்வார். இரு என்றும் இல்லை, போ என்றும் இல்லை. என் இஷ்டம் எனக்கே தெரியாததால்தானே அவரிடம் கேட்கிறேன்? இந்த வீட்டில் நான் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதானோ என்ற நினைப்பு வந்துவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்புக்கூடச் சரியாக விழாது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் என் வயதுக்காரி, கெய்கோ. அவள் கணவர் ஏதோ இரசாயன நிறுவனத்துக்காக நகோயாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். நகராட்சி நடத்தும் ஜெர்மன் வகுப்பில் என் பெஞ்சிலேயே உட்காருகிறவள்தான் பக்கத்து வீட்டுக்காரி என்பது கதவு திறந்ததும்தான் உறைத்தது. பாட்டு வருகிற திசையைக் காட்டி, கையில் இருந்த கொஞ்ச ஜெர்மனைக் கூட்டிப் பெருக்கிக் கேட்டேன். "வெல்ஷர் ஃபில்ம்?" என்ன படம் என்று. கெய்கோ திருதிருவென விழித்தாள். "கைன் ஃபில்ம்," என்றாள். படம் இல்லையாம். படம் இல்லாமல் எப்படிப் பாட்டு? சரி, புதுப்படம், இன்னும் வெளிவரவில்லை போல என்று நானாக முடிவு செய்து, எப்போது ரிலீஸ் என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். அவள் பாவம், டிவி நிகழ்ச்சிப் பத்திரிகையை எடுத்து வந்து, அன்று மாலை எந்தச் சேனலில் என்ன படம் என்று விரல் வைத்துக் காட்டினாள்.

என்னைக் குற்றம் சொல்ல முடியாது. மதுரையில் எங்கள் கல்லூரி பஸ்ஸில் டிரைவர் கேசட்டைப் போட்டால், முதல் வரி முடிவதற்குள் யார் நடித்தது, எந்த ஊரில் எடுத்தது, அதற்கு முந்தின சீனில் யார் யாரை அறைந்தது எல்லாம் வந்து விழும். சோகப் பாட்டு என்றால் பஸ்ஸே ஜன்னல் பக்கம் திரும்பி, தண்ணீரில்லாத வைகையைப் பார்த்துப் பெருமூச்சு விடும். அந்தச் சோகத்திலும் ஒரு தைரியம் உண்டு. இடைவேளைக்கு முன்னால் அழுதால் கிளைமாக்ஸில் சேர்ந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு சோகத்தைச் சுமக்க நம் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவர் எழுதுவார், ஒருவர் மெட்டுப் போடுவார், ஒருவர் பாடுவார், ஒருவர் வாயசைப்பார். பிரித்துக்கொண்டால் பாரம் குறைவு. கெய்கோ அந்தப் பாடகரைப் பற்றிச் சொன்னபோதுதான் திக்கென்றது. எழுதுவது அவரே, இசையும் அவரே, பாடுவதும் அவரே. இப்படியொரு துக்கத்தைத் தனியாளாகவா தூக்குவார் ஒரு மனிதர்!

அதன்பின் மூன்று மணிக்கு வாளி வேண்டியிருக்கவில்லை. கெய்கோ வீட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அவள் பச்சைத் தேநீர் ஊற்றுவாள், நான் முறுக்குக் கொண்டுபோவேன். ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் கையாலும் கண்ணாலும் நான்கு ஜெர்மன் சொற்களாலும் பொருள் சொல்வாள். எனக்கு ஒரு பாட்டு மிகவும் பிடித்துப்போனது. ஒரு பெண் வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறாள். அவன் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறான். கனமாக இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். இல்லையே, லேசாகத்தான் இருக்கிறது என்கிறான் அவன். அவ்வளவுதான். "உன்ட் டான்?" அப்புறம் என்று கேட்டேன். "நிஷ்ட்ஸ்," ஒன்றுமில்லை என்றாள் கெய்கோ. அதெப்படி? வண்டி புறப்பட்டதும் அவன் பின்னாலேயே ஓடுவான், அவள் இறங்கி வருவாள் என்று நான் எழுந்து ஓடியே காட்டினேன். கெய்கோ வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு தலையை ஆட்டி, "ஓடமாட்டான்," என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைக்கும்போது அந்த மெட்டு வாயைவிட்டுப் போகவே இல்லை. முரளி வந்து தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "டிக்கெட் பார்த்து வச்சிருக்கேன், மே கடைசியில சீப்பா இருக்கு. வேணும்னா எடுக்கலாம், உன் இஷ்டம்," என்றார். எடுங்கள் என்றேன். சரி என்றார். என் தட்டை அப்படியே எடுத்துப்போய்க் கழுவினேன்.

ஏப்ரலில் கெய்கோவின் கணவருக்கு ஊருக்கே மாற்றல் வந்துவிட்டது. போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்களையும், அவர் அலுவலகத்து ஜப்பானிய நண்பர்கள் இருவரையும் அழைத்தார்கள். டிவியோடு ஒரு கரோக்கே பெட்டியை இணைத்திருந்தார்கள். பின்னணி இசை அது கொடுக்கும், பாட்டு நாம் பாட வேண்டும், முடிந்ததும் மார்க்கும் அதுவே போடும். அவர்கள் வழக்கத்தில் விருந்துக்கு வந்தவர் பாடித்தான் ஆகவேண்டும், எனக்கு வராது என்ற பேச்சே கிடையாது. எங்கள் பெண் பார்க்கும் படலம் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று என்னைத்தான் பாடச் சொன்னார்கள். நான் கண்ணை மூடிப் பாடி முடித்தபோது முரளி பஜ்ஜியில் இரண்டாவதை முடித்திருந்தார். இப்போது மைக் அவர் கைக்குப் போனது. குளிக்கும்போதுகூட முணுமுணுக்காத மனுஷர், என்ன செய்யப்போகிறாரோ? அவரோ கெய்கோவிடம் குனிந்து, நான் சமையலறையில் முணுமுணுத்துத் திரிந்த அந்தப் பெட்டி தூக்குகிறவன் பாட்டைக் கேட்டு வாங்கினார்.

நம் சினிமாவில் மெட்டு முதலில் பிறக்கும். தானா தன்னா என்று சும்மா பாடி வைப்பார்கள், அதன்மேல் வார்த்தையை அளந்து உட்கார வைப்பவர் கவிஞர். என் கணவர் கவிஞர் இல்லை. திரையில் ஜப்பானிய எழுத்துகள் நிறம் மாறிக்கொண்டே போக, அவர் அவற்றைப் பார்க்காமல் கம்பளத்தைப் பார்த்துத் தமிழில் பாடினார்.

"பால் பொங்கும், பார்க்க ஆளிருக்காது.
பனி பெய்யும், காட்ட ஆளிருக்காது.
உன் இஷ்டம்னு சொன்னதெல்லாம் பொய்.
போகாத ஜெயா, போகாத."

சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பெட்டி இரக்கமே இல்லாமல் மட்டமான மார்க் போட்டது. ஜப்பானியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அழகான மொழிபெயர்ப்பு என்று கெய்கோவின் கணவர் குனிந்து வணங்கினார். கெய்கோ மட்டும் பாட்டு முடிந்தும் கைதட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் வார்த்தை புரிந்தவள் நான் ஒருத்தி. எனக்குக் கண்ணீர் மறைத்தது, மூக்கு ஒழுகியது, கர்ச்சீஃப் வேறு இல்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "எப்ப எழுதினீங்க?"

"ட்ராம்லதான். போகையில வரையில."

"இதை நேராவே சொல்லியிருக்கலாம்ல? எத்தனை தடவை கேட்டேன்!"

"எப்படிச் சொல்றது? படிச்சு வாங்குன வேலை. நான் இருன்னு சொன்னா நீ இருந்துருவ. அப்புறம் காலத்துக்கும் என்னைப் பாக்கையிலெல்லாம் அதுதான ஞாபகம் வரும்?"

"அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?"

செருப்பை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டே சொன்னார். "மைக்கைக் குடுத்துட்டாங்கல்ல."

கெய்கோ அடுத்த வாரம் போனாள். மே கடைசியில் நானும் போனேன். அத்தனை மாதம் ஏங்கிக் காத்திருந்த சொல்லைக் கேட்டுவிட்டுமா போனாய் என்று என் தோழிகள் இன்றும் திட்டுகிறார்கள். அதைக் கேட்டதால்தான் போக முடிந்தது என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? முன்பு போயிருந்தால் யாருக்கும் வேண்டாதவளாகப் போயிருப்பேன். இப்போது ஒருவர் வேண்டும் வேண்டும் என்று நிற்கையில், ஒரு வருஷத்தில் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனேன். வலி இதில்தான் அதிகம். ஆனால் அது எனக்கு வேண்டியிருந்த வலி.

மதுரையில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று போனபிறகுதான் தெரிந்தது. சுண்ணக்கட்டியைப் பிடித்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முரளி போன் செய்வார். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் கடையில் வாங்கும் மலிவு விலை போன் கார்டு. "தம்பி, இந்தக் கார்ட்டிலை குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். கோவிக்காதேங்கோ, மலிவெண்டா அப்பிடித்தான்," என்று அவர் சொல்லித்தான் கொடுத்தாராம். ஒரு ஞாயிறு, அதே மெட்டில் நானும் நாலு வரி கட்டிப் பாடினேன்.

"பால் பொங்கட்டும், துடைச்சுக்கலாம்.
பனி உருகட்டும், மறுபடி பெய்யும்.
வரேன்னு சொன்னது பொய்யில்ல.
இருங்க முரளி, இருங்க."

அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை. பாட்டுக்குள் என்றால் சொல்ல வருகிறது, என்ன செய்ய! பிறகு ஒவ்வொரு வாரமும் சேர்ந்து பாட முயன்றோம். அவருடையதை அவர், என்னுடையதை நான். ஆனால் குரல் பிந்தி வரும் அல்லவா, நான் ஒரு வரியை முடித்துவிட்டு நிற்பேன், அவர் அப்போதுதான் தன் வரியின் நடுவில் இருப்பார். அவருக்கு அங்கே நான் பின்தங்கியவள் போலக் கேட்குமாம். இருவரும் நின்று நின்று, வழிவிட்டு வழிவிட்டுப் பாடப் பழகிக்கொண்டோம்.

வருஷம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். யாரும் விடச் சொல்லவில்லை, விட்டது வலிக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். ஜூன் பிறந்தால் இப்போதும் கை எதையோ தேடும். மாலையில் பாத்திரம் கழுவும்போது நான் தேய்ப்பேன், அவர் துடைப்பார், இரண்டு பேரும் பாடுவோம். நடுவில் ஒரு முழத் தூரம்கூட இல்லை. ஆனாலும் நான் என் வரியை முடித்துவிட்டுத் தானாக நின்றுவிடுகிறேன், அவர் குரல் கடல் தாண்டி வந்து சேரட்டும் என்று.