பெரம்பலூரில் இருக்கும் என் வீடு

என் மனைவிக்கு ஆஸ்துமா. அரியலூரின் சிமெண்ட் தூசியை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. தாளிக்கிற புகையையாவது வெளியேற்றலாம் என்று சமையலறைக்கு ஒரு சிம்னி வாங்கினோம். பத்து நாளாக அது கூடத்தில், அட்டைப்பெட்டிக்குள், புகையே படாமல் ஆரோக்கியமாக இருக்கிறது.

இன்று காலை, அதை மாட்டித் தர வேண்டியவர் போன் செய்தார்.

“வாசல்லதான் நிக்கிறேன் சார், கதவத் தொறங்க.”

திறந்தேன். ஓர் ஆடு நின்றது.

“எந்த ஊர் வாசல்லங்க?”

“பெரம்பலூர் சார். பெருமாள் கோவில் தெரு.”

“என் வீடு அரியலூர் பெருமாள் கோவில் தெருங்க.”

“எங்க கம்ப்யூட்டர்ல ரெண்டும் ஒரே மாவட்டம் சார்.”

மாவட்டம் பிரிந்து எத்தனையோ வருடமாகிறது என்றேன்.

“எனக்குத் தெரியும் சார். கம்ப்யூட்டருக்குத் தெரியலயே.”

“சரி, பஸ் ஏறி வந்துடுங்க. ஒரு மணி நேரம்தான்.”

“கம்ப்யூட்டர்ல வந்துட்டேன்னு போட்டுட்டேனே சார். திரும்ப எப்படி வர்றது?”

ஐந்து நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது. நான் வீட்டில் இல்லாததால் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டதாம். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

கோபத்தில் அதைச் சத்தமாகவே படித்தேன். அடுப்படியில் மிளகாய் தாளித்துக்கொண்டிருந்த மனைவி, இருமி முடித்துவிட்டுக் கேட்டாள்:

“வூட்ல யாருமில்லையாமா? அப்ப இங்க இருமுறது யாருங்க?”

அந்தக் கேள்வியை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பினேன். தொடர்பு கொண்டதற்கு நன்றி என்று பதில் வந்தது.

பெரம்பலூர் நண்பர்களே, அங்கே என் வீடு எப்படி இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். காற்றோட்டமாக இருந்தால் சமையலை அங்கேயே மாற்றிக்கொள்கிறோம்.