வயோமிங் பாடமாக்கிய குளிர்காலம்

ஹீட்டருக்கு மேலே காயும் கம்பளிக் காலுறையின் மணத்தோடு, பக்கத்தில் இளகிக்கொண்டிருக்கும் மெழுகுக் கலர்களின் மணமும் சேர்ந்து வந்தால், எனக்கு என் மகள் சுபாவின் சின்ன வயதுதான் நினைவு வரும். அப்போது நாங்கள் அகதிகளாக ஓடிவந்து, கோல்டிங் என்ற குளிர்நாட்டு ஊரில் இருந்தோம். சின்னப் பெடியனாயிருந்த மகன் தயாவை எங்கள் ஊர் அளவெட்டியில் என் அக்காவிடம் விட்டுவிட்டு, சின்னவளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்த எங்களுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தது. அவனைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் மட்டும் அசையவேயில்லை. தமிழருடைய விண்ணப்பங்களை அரசாங்கமே வேண்டுமென்று இழுத்தடித்தது என்று பிறகுதான் இந்த நாடெல்லாம் கதைத்தது. அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தக் குளிருக்குள் சுபா மெழுகுக் கலரால் தாளில் ஒரு பெட்டியைக் கீறினாள். நாலு பக்கமும் நேர்கோடு. உள்ளே மேற்கில் மலை, கிழக்கில் புல்வெளி, ஒரு மூலையில் நிலத்திலிருந்து சீறும் வெந்நீர். "வயோமிங்" என்றாள். இலங்கை மூன்றை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சுமாம், ஆனால் யாழ்ப்பாணத்துச் சனமளவுகூட அங்கே இல்லையாம், கடலும் இல்லையாம். அப்படியொரு இடத்தில் மனிதர் எப்படி இருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் தகப்பனைக் கேள்வி கேட்கச் சொல்லி, தலைநகரம், ஆறு, மலை, மாடு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தாள்.

வந்த புதிதில் இருந்த அகதி முகாமில் இதை நான் கண்டிருக்கிறேன். உண்மையிலேயே அந்த ஊர் ஆள்தானா என்று பார்க்க, சந்தியிலிருந்து கோயில் எவ்வளவு தூரம், குளம் எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரணையில் கேட்பார்கள் என்பதால், பெடியள் கட்டிலில் இருந்தபடி சொந்த ஊரையே "பாடமாக்குவார்கள்". இவள் ஏன் வேறு ஊரைப் பாடமாக்குகிறாள்? நாங்கள் சொன்ன ஊர் ஒன்று, பிள்ளை சொல்லும் ஊர் இன்னொன்று என்றால் தயாவின் காரியம் என்னாவது?

"எடியே, ஆர் உன்னை இந்த ஊரைச் சொல்லச் சொன்னது?"

"டீச்சர்தான் அம்மா. எல்லாருக்கும் ஒவ்வொண்டு."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இஞ்சேரும், அது அமெரிக்காவில ஒரு மாநிலம். பள்ளிக்கூடப் பாடமப்பா."

"நீங்கள் சிரியுங்கோ. பிள்ளை அங்க கிடக்கிறான்."

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பயந்து நிற்கிறவளில்லை. விடிந்ததும் சேலைக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு அவளோடு வகுப்புக்கே போய், எல்லாருக்கும் முன்னால் நின்றேன்.

"நாங்கள் அளவெட்டி ஆக்கள் எண்டு சொல்லு."

சுபாவுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அவர்களுடைய பாஷையில் சொன்னாள். டீச்சர் கோபிக்காமல் என் கையில் சோக்கைத் தந்தா. நான் இலங்கையைக் கீறி, உச்சியில் ஒரு பொட்டு வைத்தேன். பிள்ளைகள் கேட்டார்கள், சுபா திருப்பிச் சொன்னாள். கடல் இருக்கிறதா? பக்கத்தில்தான். நிலத்திலிருந்து தண்ணீர் வருமா? கீரிமலை ஊற்றில் வரும், ஆனால் குளிர்ந்த தண்ணீர். உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

"ட்ரே" என்றாள் சுபா. மீன் தொழிற்சாலையில் பெட்டி எண்ணிய எனக்கு, அது மூன்று என்று தெரியும்.

"நாலு எண்டு சொல்லு."

"அண்ணா இஞ்ச இல்லையே அம்மா."

"நாலு."

"ஃபியர்" என்றாள், தலையைக் குனிந்தபடி.

வருசங்கள் கழிந்து ஒரு வழியாகத் தயாவுக்கு அனுமதி வந்தது. விமான நிலையத்தில் கதவு திறந்து, அரும்பு மீசையோடு ஒருவன் வந்து "அம்மா" என்றான். "ஓமடா மேனே" என்று கட்டிப்பிடித்தபடியே, அவனுக்குப் பின்னால் நான் விட்டுவந்த அந்தச் சின்னப் பெடியன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்த மீசையும் நரைத்துவிட்டது. என்னவோ தெரியவில்லை, அவன் வந்து மணியடித்தால் நான் இன்னமும் அவனுக்குப் பின்னால்தான் பார்க்கிறேன்.